சரிபார்க்க வேண்டாம்

பிப்ரவரி 3, திங்கள்

காலை பதினொரு மணிக்குப் பாலிடெக்னிக்கிலிருந்து அர்த்தநாரி எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தார். எடுத்தவர் கடைக்காரர் ஜபருல்லா பாய். நான் ஒரு பள்ளிக்கூடத்துப் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்" என்று பேசிக்கொண்டே பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதே புரிந்துவிட்டது.

சனிக்கிழமை மின்சாரம் போய் வந்ததிலிருந்து பாலிடெக்னிக்கின் சர்வர் எழவே இல்லையாம். கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருக்கிறதாம். பதிமூன்றாம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. மாணவர்களின் மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள். ஈரோட்டில் கேட்டதற்கு ஆள் வர பத்து நாளாகும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

போனை வைத்துவிட்டு பாய் சொன்னார்: "அக்கா, நீங்க போக வேண்டாம். நான் போய் ஏதாச்சும் பாக்கறேன்."

பாய்க்கு விண்டோஸ் தெரியும். அந்த சர்வரில் ஓடுவது லினக்ஸ். இந்த ஊரில் அதில் கைவைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இது அர்த்தநாரிக்கும் தெரியும். நான் இந்தக் கடையில் இருப்பதும் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்.

நானே போகிறேன் என்றேன்.

வரும் வழியில் சுண்டைக்காய் நல்லதாகக் கிடைத்தது. நசுக்கி மோரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கோபத்தில் வரிசை தப்பிவிடுகிறது. ஒருமுறை வரிசையாக எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பதிமூன்று வருடம் அந்தப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். அர்த்தநாரி துறைத் தலைவர். 2022 நவம்பர் 17, வியாழக்கிழமை. சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் இயங்குதளம், இன்னொன்றில் மதிப்பெண்கள். அன்று மாலை அந்த இரண்டாவது டிஸ்க் திறக்கவில்லை. இறுதியாண்டு மாணவர் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் செய்முறை மதிப்பெண்ணும் ப்ராஜெக்ட் மதிப்பெண்ணும் போயின.

கோகிலவாணி ஏதோ தப்பான கட்டளை கொடுத்துவிட்டார் என்று நிர்வாகத்திடம் சொன்னது அர்த்தநாரி. அதன் பிறகு என்னை சர்வர் அறைக்குள் விடவில்லை. மறுநாள் தன் அறைக்கு வரச் சொன்னார். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துருங்க கோகிலா. மேல நான் பேசிக்கறனுங்க. வேலைக்கு ஒண்ணும் வராது." எழுதிக் கொடுத்தேன். பதினைந்தாம் நாள் அந்தக் கடிதத்தையே காரணமாகக் காட்டி என்னை வெளியே அனுப்பினார்கள்.

ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று என் வீட்டுக்காரர் தங்கவேல் இன்றுவரை கேட்டதில்லை.

மாணவர்களுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி அறுபது போட்டார்கள். மௌனிகா என்று ஒரு பெண். தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிறவள். ஓசூரில் ஒரு தொழிற்சாலை அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அறுபதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் அவள் அம்மா வசந்தாமணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, என் வாசலில் மூன்று முறை தூற்றிவிட்டுப் போனார். தெருவே பார்த்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்குப் பெயர் 'மார்க்க அழிச்ச மேடம்.'

அந்த மண் விழ வேண்டிய வாசல் வேறு. வருகிற ஏப்ரலில் அந்த வாசல்காரர் பாலிடெக்னிக்கின் முதல்வர் ஆகப் போகிறார்.

பிப்ரவரி 5, புதன்

போனேன். வாட்ச்மேன் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதச் சொன்னார். பதிமூன்று வருடம் தினமும் வணக்கம் சொன்னவர்.

"வாங்க கோகிலா, நல்லாருக்கீங்களா" என்றார் அர்த்தநாரி. தலை நன்றாக நரைத்திருக்கிறது. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே பேசினேன்.

பெட்டியைத் திறந்தேன். இப்போது எல்லாம் ஒரே புது டிஸ்க்கில் இருக்கிறது. அதற்குக் கீழே பழைய இரண்டும் அதே இடத்தில் இருந்தன. கேபிளைப் பிடுங்கியிருந்தார்கள், ஸ்க்ரூவைக் கழற்றவில்லை. மேலே இரண்டு வருடத் தூசி. என் முகத்தில் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தானே ஏதோ முயற்சி செய்து பார்த்ததாகச் சொன்னார். என்ன கட்டளை கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு ஞாபகமில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று டிஸ்க்கையும் கடைக்குக் கொண்டுபோய் நகல் எடுத்துவிட்டுத்தான் கைவைப்பேன் என்றேன். பழையது இரண்டும் செத்துப்போனது, அது எதற்கு என்றார். புதியதில் சேதம் இருந்தால் பழைய அமைப்பைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. அவர் காலண்டரைப் பார்த்தார். பதிமூன்றாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

தங்கவேலுக்குக் காய்ச்சல். மஞ்சள் மண்டிக்குப் போகவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு மதியம்தான் கடைக்குப் போனேன். நகல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

கிடைத்துவிட்டது.

ஒரு கணினியைப் போட்டவுடன் அது முதலில் டிஸ்க்கின் தலைப்பகுதிக்குப் போய், இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தேடும். வழிகாட்ட அங்கே ஒரு சின்ன நிரல் இருக்கும். அதுதான் பூட் லோடர். அதை டிஸ்க்கின் தலையில் வைக்க வேண்டும். தெரியாமல் டிஸ்க்கின் ஒரு பிரிவுக்குள் வைத்தால், சில வகைப் பிரிவுகளில் அது முதல் பக்கத்தின் மேலேயே எழுதிவிடும். அந்த முதல் பக்கம்தான் உள்ளே எது எங்கே என்று சொல்கிற அட்டவணை. அது போனால் உள்ளே எல்லாம் இருந்தும் ஒன்றும் இல்லாத மாதிரி.

எங்கள் மதிப்பெண் டிஸ்க் அந்த வகை.

பழைய இயங்குதள டிஸ்க்கில், யார் எப்போது என்ன கட்டளை கொடுத்தார்கள் என்ற பதிவு அப்படியே இருக்கிறது. நவம்பர் 17. பிற்பகல் 3.42. பெயர்: அர்த்தநாரி. இரண்டாவது டிஸ்க்கின் முதல் பிரிவில் பூட் லோடரை நிறுவு. எதற்காக இதைச் செய்தார் என்று தெரியவில்லை. முதல் டிஸ்க் என்று அடிக்க வேண்டியதை மாற்றி அடித்திருப்பார். அந்தக் கட்டளை நிறைவேறியிருக்காது. இங்கே வேறு தகவல் இருக்கிறது, எழுதினால் அழிந்துவிடும் என்று பெரிய எழுத்தில் எச்சரித்துவிட்டு நின்றுவிடும். எனக்குத் தெரியும், நானே ஒரு வெற்று டிஸ்க்கில் செய்து பார்த்தேன்.

3.45. அதே பெயர். அதே கட்டளை. கூடவே ஒரு சொல் சேர்த்திருக்கிறார். அதன் பொருள், சரிபார்க்க வேண்டாம்.

மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் கீழே இறங்கி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கீழ்த்தளத்தில் முப்பது பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். வெளியூர்த் தேர்வாளரும் கூட இருந்தார்.

மதியம் சாப்பிடவில்லை. அந்த வகைப் பிரிவில் முதல் பக்கத்தின் பிரதிகள் உள்ளே வேறு இடங்களிலும் இருக்கும். நகல் டிஸ்க்கில் அதைத் தேடிப் பிடித்து முன்னால் கொண்டுவந்து வைத்தேன். நான்கு மணிக்குத் திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். மௌனிகா: 93.

பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இவ்வளவுதானா?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன்.

பழைய டிஸ்க்கில் இன்னொரு பதிவுக் கோப்பும் இருந்தது. ஜூலை ஒன்றாம் தேதியோடு நிற்கிறது. இந்த விஷயத்துக்கு அது தேவையில்லை. நீக்கிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

காலையில் துணி துவைக்கும்போது யோசித்தேன். அவர் செய்ததையே நானும் அவருடைய புது டிஸ்க்கில் செய்யலாம். ஒரே வரி. பதிமூன்றாம் தேதி ஆய்வுக் குழுவின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கட்டும். போர்வையை அலசி முடிக்கிற வரை அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஆனால் அப்படிச் செய்தால் அவர் பாவப்பட்ட மனிதராகிவிடுவார். இப்போது படிக்கிற பிள்ளைகளின் மதிப்பெண்ணும் போகும். மறுபடியும் யாராவது ஒரு அம்மா யாராவது ஒரு வாசலில் வந்து நிற்பார். வேண்டாம். சர்வரை ஒழுங்காகச் சரிசெய்து கொடுப்பேன். ஒழுங்காக வேலை செய்கிற சர்வரே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

தங்கவேலிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த நோட்டு யாருகிட்ட இருக்குது?" என்றார்.

எந்த நோட்டு என்றேன்.

போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 10, திங்கள்

வேலை முடிந்தது.

புது டிஸ்க்கின் தலையில் பூட் லோடரை நிறுவினேன். பிரிவில் அல்ல, தலையில். ஒரு எழுத்தை மூன்று முறை பார்த்துவிட்டு அழுத்தினேன். சர்வர் எழுந்தது. முதலில் ஒரு பட்டியல் வரும், எந்த இயங்குதளம் வேண்டும் என்று. ஐந்து விநாடி காத்திருந்துவிட்டுத் தானாக உள்ளே போய்விடும். அர்த்தநாரி பக்கத்தில் நின்று பார்த்தார். மூச்சு விட்டார். "நீங்க இருந்தவரைக்கும் ஒரு பிரச்சினை இல்லீங்க" என்றார். என்னிடமே.

ஆய்வுக் குழு வரும்போது சர்வரை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுங்கள், மின்தடைக்குப் பிறகு தானாக எழுகிறது என்று தெரிந்தால் நல்ல பெயர், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றேன். ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. அந்தப் பட்டியலில் என்ன எழுத வேண்டுமோ எழுதலாம். அதில் ஆங்கில எழுத்துதான் ஒழுங்காக வரும். இரண்டு வரி சேர்த்தேன்.

முதல் வரி: 17 நவம்பர் 2022, 3.45, மதிப்பெண் டிஸ்க்கை அழித்தவர் அர்த்தநாரி, துறைத் தலைவர்.

இரண்டாவது வரி: எச்சரிக்கை வந்தது 3.42.

ஐந்து விநாடியை அறுபது ஆக்கினேன்.

டீ வந்தது. குடித்தேன். "பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க கோகிலா" என்றார். இல்லை சார் என்றேன்.

வரும் வழியில் தபால் நிலையத்தில், மீட்ட மதிப்பெண்களை ஒரு பென் டிரைவிலும் கட்டளைப் பதிவைத் தாளிலும் வைத்து, தாளாளர் அம்மாவின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பிப்ரவரி 12, புதன்

வடை சுட்டேன். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்புளம். எட்டு வடையில் மூன்றுதான் உருப்படி.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று மணி வரை ஒரு தகவலும் இல்லை. ஒரு லேப்டாப்பின் கீபோர்டை மாற்றினேன், தப்பாக மாட்டி மறுபடி கழற்றினேன். பிறகு சரளா போன் செய்தாள். பாலிடெக்னிக்கில் நூலகர். இந்த இரண்டு வருடத்தில் அங்கிருந்து என்னோடு பேசிய ஒரே ஆள். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அவளும் சர்வர் அறையில் நின்றிருக்கிறாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் கோவைக்காரர், வயதானவர். தாளாளர் அம்மாவும் கூட இருந்திருக்கிறார். அர்த்தநாரியே முன்வந்து, மின்சாரம் போனாலும் எங்கள் சர்வர் தானாக எழும் என்று சொல்லி அணைத்துப் போட்டிருக்கிறார். பட்டியல் வந்ததும் முதலில் அவர் கவனிக்கவே இல்லையாம். குழுவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாராம். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் படித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் இவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். கீபோர்டுக்குக் கை நீண்டிருக்கிறது.

"தொடாதீங்க, நான் படிச்சுக்கறேன்" என்றாராம் தலைவர்.

சத்தமாகப் படித்திருக்கிறார். இரண்டு வரியையும். கீழே விநாடி ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றிருக்கிறார்கள். "ஒரு நிமிசம் அவ்வளவு நீளமா இருக்கும்னு எனக்குத் தெரியாது கோகிலா" என்றாள் சரளா.

அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சொன்னாள். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சொன்னாள்.

போனை வைத்ததும் அகோரமாகப் பசித்தது. பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன். நான்கு.

பிப்ரவரி 15, சனி

தாளாளர் அம்மாவே பேசினார். தபால் கிடைத்ததாம். மதிப்பெண்கள் சரியாக இருக்கின்றனவா என்று மிஞ்சியிருக்கிற சில பழைய விடைத்தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். இருபத்து நான்காம் தேதி விசாரணை. இருவரும் வர வேண்டும். அர்த்தநாரி விடுப்பில் போய்விட்டார்.

செய்தி அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இரண்டு பேர் வழிவிட்டார்கள். ஒருத்தி, "நாங்க அப்பவே நெனச்சோம் உங்க மேல தப்பிருக்காதுன்னு" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று அர்த்தநாரி கடைக்கு வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தார். பிரிக்காமலே எனக்குத் தெரியும்.

இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

அது பேக்கப் நோட்டு. வெள்ளிக்கிழமைதோறும் மதிப்பெண் டிஸ்க்கை நகலெடுத்து, எடுத்தாயிற்று என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். அது என் வேலை. என் கையெழுத்துக்குப் பக்கத்தில், சரிபார்த்தேன் என்று அவர் போட வேண்டும். 2022 ஜூலை முதல் வாரத்தோடு நகல் டிஸ்க் கெட்டுப்போனது. அவரிடம் சொன்னேன். புதிது வரும், அதுவரை கையெழுத்தை மட்டும் விடாமல் போடுங்கள் என்றார். போட்டேன். அவரும் போட்டார். நவம்பர் வரை பத்தொன்பது வெள்ளிக்கிழமை.

மன்னிப்புக் கடிதம் கேட்ட அன்று இந்த நோட்டை மேசைமேல் வைத்திருந்தார். திறக்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன்.

இன்று வாய் திறந்து பேசினார். "விசாரணையில நோட்டு எங்கன்னு கேப்பாங்க கோகிலா. பழைய பேப்பரோட போயிருச்சுன்னு நான் சொல்லிர்றனுங்க. நீங்களும் அதையே சொல்லுங்க. இத நீங்களே வெச்சுக்கங்க, உங்க கையாலயே கிழிச்சுப் போடுங்க. எங்கிட்ட வேற நகல் எதுவும் இல்லீங்க."

எதற்காக என்று கேட்டேன்.

"டிஸ்க்குல மாத்தி எழுதுனது கைத்தவறு. கேட்டா திட்டுவாங்க, பதவி போகும், வேற ஊருக்குப் போயிருவேன். இது வந்துச்சுன்னா பொய்க் கையெழுத்துங்க. எம் பையன் கல்யாணம் சித்திரைல."

வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். இங்கே எழுத விருப்பமில்லை. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஒடச்சது நாந்தாங்க. இல்லைங்கல. ஒட்ட வெக்க உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையேங்க."

படியிறங்கிப் போய்விட்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மூன்று நாளாக நோட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. கிழித்தால் எல்லாம் முடிந்தது. நான் ஜெயித்தவள். தெருவில் வழிவிடுகிறார்கள்.

அவருக்குப் பதவி மட்டும்தான் போகும். வேறு ஊர். பையன் கல்யாணம். அங்கே போய் இன்னொரு துறைத் தலைவர் நாற்காலி. அவ்வளவுதானா? எனக்குப் போதவில்லை.

தங்கவேல் அரிசி எடுக்கப் போனவர் நோட்டைப் பார்த்துவிட்டார். கையில் எடுக்கவில்லை. "கிழிக்கறதுன்னா கிழிச்சுரு. இல்லைன்னா கொண்டு போய்க் குடு. இங்க வெச்சுப் பாத்துட்டே இருக்காத" என்றார்.

உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். அந்த ஜூலையிலிருந்தே வெள்ளிக்கிழமை நகலெடுக்க உட்காராமல் நீ சீக்கிரம் வந்துகொண்டிருந்தாயே என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

பத்து மணிக்குத் தாளாளர் அம்மாவின் அறை. அம்மா, ஒரு வக்கீல், எழுதிக்கொள்ள ஒரு ஆள். அர்த்தநாரி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். உடன்பாட்டுக்கு வந்தவர்களின் தலையசைப்பு.

முதலில் அவரைக் கேட்டார்கள். கைத்தவறு என்றார். பயத்தில் மறைத்துவிட்டேன் என்றார். குரல் உடைந்தது. பேக்கப் என்ன ஆயிற்று என்று வக்கீல் கேட்டார். நகல் டிஸ்க் கெட்டுப் போயிருந்தது, நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். பையிலிருந்து நோட்டை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தேன்.

அந்த முகத்துக்காகத்தான் போனேன். சரளா வாயால் கேட்டது போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்று. பார்த்தேன்.

அம்மா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். பத்தொன்பது வரி. "ஒவ்வொரு வாரமும் மொதல்ல கையெழுத்துப் போட்டது யாரு?" என்றார்.

"நானுங்க" என்றேன்.

"டிஸ்க் வரவே இல்லையா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அர்த்தநாரிக்கும் இது தெரியாது. தங்கவேலுக்கும் தெரியாது. இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வந்தது என்றேன். செப்டம்பர் ஆறாம் தேதி வந்தது. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். பெட்டியைப் பிரிக்காமல் என் மேசை டிராயரில் வைத்தேன். ஒரு தடவை நகலெடுக்க மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பழைய டிஸ்க்கில் நகல் எடுத்த தேதிகளின் பதிவு இருந்தது, அதை இந்த மாதம் ஏழாம் தேதி நான்தான் நீக்கினேன், நீக்காத பிரதி ஒன்று கடையில் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளியே வராந்தாவில் அர்த்தநாரி என் பக்கத்தில் வந்தார். "எதுக்குங்க இது? உங்களுக்கும்தானே போச்சு" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. உங்களை விடக்கூடாது என்றுதான் என்றேன். வேறு காரணம் எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன்.

மார்ச் 12, புதன்

கடிதம் வந்தது. அர்த்தநாரி பணிநீக்கம். என்னை இனி அந்த நிறுவனம் எந்தப் பொறுப்பிலும் எடுக்காது, நடந்த விவரம் கேட்கிற கல்லூரிகளுக்குத் தெரிவிக்கப்படும். போலீசுக்குப் போகவில்லை. மாணவர்களுக்குத் திருத்திய மதிப்பெண் பட்டியல் அனுப்புகிறார்கள்.

ஜபருல்லா பாய் அரைமணி நேரம் சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில், "அக்கா, கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் வேலைக்கெல்லாம் நான் போறேன். நீங்க கடையப் பாத்துக்கங்க" என்றார். சரி என்றேன். ஜெராக்ஸ் மிஷினை என் மேசைப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இப்போது வழிவிடுவதில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதி.

மார்ச் 21, வெள்ளி

மதியம் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. ஒரு உறையிலிருந்து தாளை எடுத்து, ஐந்து பிரதி வேண்டும் என்றாள். தாளைப் பார்த்த பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. மௌனிகா. இளைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம், தொண்ணூறுக்கு மேல இருக்கும்னு. யாருமே நம்பல" என்றாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். பெருந்துறைப் பக்கம், மாமனார் வீட்டில். வேலைக்கு மறுபடி எழுதிப் போடப் போகிறாளாம். குழந்தை என் மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுக்க எக்கியது. அவள் அதன் கையை விலக்கினாள்.

பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கேட்டாள்.

"அந்த டிஸ்க்க ஒரே நாள்ல திறந்துட்டீங்களாமா. சரளா மேடம் சொன்னாங்க."

ஆமாம் என்றேன்.

"அப்பவே கேட்டு வாங்கித் திறந்திருக்கலாமே மேடம்."

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று என்னை அறைக்குள் விடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். சண்டை போட்டுக் கேட்டிருக்கலாம், தாளாளர் அம்மாவிடம் போயிருக்கலாம். போயிருந்தால் நோட்டும் வெளியே வந்திருக்கும். ஐந்தாவது பிரதி வெளியே வந்தது. அடுக்கிக் கொடுத்தேன்.

உட்காரச் சொன்னேன். குழந்தைக்குப் பால் ஏதாவது வாங்கித் தரட்டுமா என்றேன்.

"வேண்டாம் மேடம். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

அவள் போக வேண்டிய பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. எதிரே நிறுத்தத்தில் நிழல் இல்லை. குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, உறையை நெஞ்சோடு பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் வரும் வரை நான் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.